இரண்டாவது கம்பளி

1

கவிதா, பிரபு, ரெண்டு பேரும் இதைக் கடைசி வரைக்கும் படிக்கணும். அப்பா எட்டாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருக்கும். ஒன்றைச் சொல்லிக்கொண்டே இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதாதா, எதற்கு நோட்டில் எழுதிப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறார் என்று கேட்பீர்கள். வாயால் சொல்லும்போதுதான் நான் தப்புச் செய்கிறேன். போன மாதம் அப்படித்தான் ஆனது.

மூன்று வெள்ளிக்கிழமையாக உங்க அம்மா வீடியோ காலுக்கு வரவில்லை. முதல் வாரம் மாட்டைப் பிடித்துக் கட்டணும் என்றாள். அடுத்த வாரம் தலைவலி. போன வாரம் போன் சுவிட்ச் ஆஃப். நெட்வொர்க் சரியில்லை என்று பிரபு சொன்னான். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரில், வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் நாம் கூப்பிடுகிற எட்டு மணிக்கு மட்டும் நெட்வொர்க் போகுமா? போகாது. அவளுக்குக் கோபம். கோபம் கூட இல்லை, அதைவிடப் பெரியது. அதற்குக் காரணம் நான்.

அதனால்தான் எழுதுகிறேன். இதை உங்க அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரியாமல் இருந்தவர்கள் நாம் மூன்று பேர்தான்.

2

நான் மஸ்கட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. லாண்டரியில் துணி தேய்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் பார்த்ததில்லை. நீளமான ஹால். ஒரு பக்கம் வாஷிங் மெஷின்கள், இன்னொரு பக்கம் எங்கள் மேசைகள். ஆறு பேர் வரிசையாக நிற்போம். பெடலை மிதித்தால் மேசைக்குள்ளிருந்து நீராவி புஸ்ஸென்று கிளம்பி மூஞ்சிக்கு வரும். ஃபேன் இருக்கிறது, அது அந்தச் சூட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான். டீ குடிக்க வெளியே வரும்போது பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த நீராவிதான் நமக்குச் சோறு போட்டது. கவிதா படித்ததும், பிரபு படித்ததும், மேலே மழை ஒழுகாமல் உங்க அம்மா படுத்திருப்பதும் இதனால்தான். இன்னொரு பெருமையும் எனக்கு இருந்தது. உடம்பு சரியில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் நான் லீவு போட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சூடு தாங்காமல் முனகினால் நான்தான் தேற்றுவேன். "வேர்க்கட்டும்ப்பா, நல்லது. ஒடம்புல இருக்கிற விஷமெல்லாம் வேர்வையில போயிடும். என்னைப் பாரு." அவர்களும் என்னைப் பார்ப்பார்கள். நம்பிக்கை வந்ததா என்று தெரியாது.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க மெடிக்கல் போகணும். இது எனக்குப் பதினோராவது. முதல் தடவை போனபோது கவுண்டரில் இருந்தவர் இந்தியில் என் அப்பா பெயரைக் கேட்டிருக்கிறார். நமக்கு அப்போது இந்தி தெரியாது, என் பெயரைத்தான் கேட்கிறார் என்று "ஏழுமலை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அட்டையில் என் பெயரும் ஏழுமலை, அப்பன் பெயரும் ஏழுமலை. ரெண்டு வருஷம் நான் எனக்கே மகனாக இருந்தேன்.

இப்போது வேறு தொல்லை. சூடான துணியைத் தடவித் தடவி என் விரல் ரேகை மழுங்கிவிட்டது. மெஷினில் விழ மாட்டேன் என்கிறது. கையைக் கழுவிக்கொண்டு வா என்பார்கள். வந்தால் ஈரம் ஜாஸ்தி என்பார்கள். துடைத்தால் காய்ந்துவிட்டது என்பார்கள். கடைசியில், விரலை நெற்றியில் தேய்த்துவிட்டு வை, அந்தப் பிசுபிசுப்பில் விழும் என்றார் ஒருவர். அந்த ஏ.சி. ஹாலில் நெற்றி கண்ணாடி மாதிரி காய்ந்து கிடந்தது. நாள் முழுக்க குடம் குடமாக ஊற்றுகிற வேர்வை, கேட்ட இடத்தில் ஒரு சொட்டு வரவில்லை.

ரத்தம் எடுத்த சிஸ்டர் பெயர் ஜெஸ்ஸி. கோட்டயத்துப் பெண், சேலத்தில் நர்சிங் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுகிறாள். "முன்னாடி எப்பவாவது ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்களா அண்ணா?" என்று கேட்டாள். பத்துத் தடவையும் இந்தக் கேள்விக்கு "இல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏதாவது உளறி அட்டை கிடைக்காமல் போய்விட்டால்? இந்தத் தடவை தமிழில் கேட்டதால் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவை சிஸ்டர். கல்யாணம் ஆன புதுசுல. பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்கும்போது ஒடம்புல ஏறிடுச்சு. நல்லா வேர்த்துது, அதனால பொழைச்சேன்."

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வேர்த்ததால பிழைச்சீங்கன்னு யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றதுதானே. விஷம் வேர்வையில எறங்கிடும்ல?"

"இல்லை அண்ணா. வேர்வைன்னா தண்ணியும் உப்பும்தான். உடம்புச் சூட்டைக் குறைக்கத்தான் அது வருது. வேற எதாவது கூட வந்தாலும் துளியூண்டு. கெட்டதைப் பிரிச்சு வெளியே தள்றது லிவரும் கிட்னியும். நீங்க தண்ணி குடிக்காம வேர்த்துட்டே நின்னா அந்தக் கிட்னிக்குத்தான் கேடு." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்தப் பூச்சி மருந்து உள்ளே போனா, அதுவேதான் வேர்க்க வைக்கும். எச்சில் ஒழுகும், கண்ணு மங்கும். சேலத்துல நிறைய பேரைப் பார்த்திருக்கேன். அந்த வேர்வை விஷம் வெளியே போற அடையாளம் இல்லை. உள்ளே போயிடுச்சுங்கற அடையாளம்."

"கம்பளி போத்தி வெச்சாங்க சிஸ்டர்."

"மருந்து பட்ட துணியோடவா?"

"ஆமா."

"கர்த்தாவே," என்றாள். "தோல் வழியா இன்னும் இன்னும் ஏறியிருக்குமே. நீங்க இங்கே உட்கார்ந்து பேசறது பெரிய காரியம் அண்ணா."

பஸ்ஸில் வரும்போது எனக்குப் பயம் வரவில்லை. ஒரு நல்ல கதை கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

3

அந்த வெள்ளிக்கிழமையை ஞாபகப்படுத்துகிறேன். கவிதா தலையில் டவல் கட்டி, ஒரு மரப்பெட்டிக்குள் கழுத்து வரை உட்கார்ந்திருக்கிற போட்டோவைக் காட்டினாள்.

"ஸ்டீம் பாத்ப்பா. ஆபீஸ்ல எல்லாரும் போறாங்க. பாடில இருக்கிற டாக்சின்ஸ் எல்லாம் ஸ்வெட்டிங்ல போயிடுமாம்."

உங்க அம்மா, "இன்னாடி போவுது?" என்று கேட்டாள்.

"விஷம்மா, விஷம். ஒடம்புல இருக்கிற கெட்டது."

பிரபு உடனே, "அப்படின்னா ஓமன்லயே சுத்தமான மனுஷன் நம்ம அப்பாதான். இருபத்திரண்டு வருஷமா ஸ்டீம்லயே இருக்காரு," என்றான். நாம் நான்கு பேரும் சிரித்தோம். உங்க அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போது நான் ஆரம்பித்தேன். சிஸ்டர் சொன்னதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். "உங்க அம்மா இன்னா பண்ணா தெரியுமா? மருந்து ஏறினவனைக் கம்பளியில சுத்தி, இட்லி அவிக்கிற மாதிரி அவிச்சு வெச்சா. விஷம் வெளிய போவட்டும்னு. அது உள்ளதான் போயிருக்குது! நான் பொழைச்சது அவ வைத்தியத்தால இல்ல, அதையும் தாண்டி."

பிரபு, "அம்மா, இது கேஸாவும் தெரியுமா?" என்றான். கவிதா, "இன்சூரன்ஸ் எதனா இருந்துச்சாம்மா?" என்றாள். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன், நீங்கள் சிரித்தீர்கள்.

உங்க அம்மா, "அடுப்புல பால் வெச்சேன்," என்று எழுந்து போனாள். போனில் சுவரும் காலண்டரும்தான் தெரிந்தது. நாம் அதற்கப்புறமும் பத்து நிமிஷம் பேசினோம். நம் வீட்டில் பாலைச் சாயங்காலமே காய்ச்சி இறக்கிவிடுவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தேன்.

4

அந்த நாளில் நடந்ததில் எனக்குத் தெரிந்ததை முதலில் எழுதுகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ஒரு புரட்டாசியில் ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துப் போட்டிருந்தார்கள். தியாகதுருகம் பக்கமும் பஸ் இல்லை, சின்னசேலம் பக்கமும் இல்லை. மறியல் செய்தவர்கள் வேறு ஆட்கள், நாம் வேறு ஆட்கள். அதற்கு முந்தின வாரம் வரைக்கும் ஒரே காட்டில் களை வெட்டியவர்கள், அந்த வாரம் முகத்தைப் பார்க்காமல் போனோம். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்டார்கள். நம் தெருவில் என்ன நடக்குமோ என்று பயம். பெண்கள் ரோட்டுப் பக்கம் போகவே இல்லை. அந்த அளவு தெரிந்தால் போதும்.

நான் கூலிக்கு மருந்து அடிக்கிறவன். ஆடியில் விதைத்த பருத்தி மொக்கு விடுகிற நேரம், பூச்சி விழுந்துவிட்டது. மறியல் என்று பூச்சி காத்திருக்குமா? காலையிலேயே ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். அதன் மூடியில் வாஷர் பிய்ந்து போயிருந்தது. துணியைச் சுற்றி இறுக்கியிருந்தேன். குனிந்து நிமிரும்போதெல்லாம் மருந்து கசிந்து சட்டை முதுகு முழுக்க நனைந்தது. கையுறை, முகமூடி எல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

உச்சி நேரத்துக்கு முன்னால் வெளிச்சம் மங்கியது. கல்வராயன் மலை எதிரே எப்போதும் தெளிவாகத் தெரியும், அன்றைக்குப் புகை மாதிரி ஆகிவிட்டது. மழை வருகிறது என்று நினைத்தேன். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. தடுமாறிக்கொண்டு வீட்டுக்கு வந்து வாசலிலேயே வாந்தி எடுத்தேன். உடம்பு முழுக்க வேர்வை ஆறாக ஓடியது.

உங்க அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயசு. கல்யாணமாகி எட்டு மாதம். ஓடி வந்து பிடித்தாள்.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?"

"மருந்து ஏறிடுச்சு. கம்பளிய எடுத்துப் போத்து. நல்லா வேர்த்தா எறங்கிடும்."

பிள்ளைகளே, இதைத்தான் அன்றைக்கு நான் உங்களிடம் சொல்லாமல் விட்டேன். மறந்து விட்டேன் என்று கூட எழுத முடியாது. போர்த்தச் சொன்னது நான்.

அப்படிச் சொன்னதற்கும் காரணம் உண்டு. உங்க அம்மாவின் அப்பா மாட்டு வண்டியில் மலைக்குப் போய்க் கடுக்காயும் புளியும் ஏற்றி வருகிறவர். மலைக்குப் போனால் குளிர் காய்ச்சலோடு இறங்குவார். மிளகுக் கஷாயம் கொடுத்து, கம்பளியைப் போர்த்தி, காற்றுப் படாமல் கதவைச் சாத்துவார்கள். வேர்த்துக் கொட்டும், காய்ச்சல் விட்டுவிடும். "வேர்த்துடுச்சு" என்றால் அந்த வீட்டில் நல்ல சேதி. காய்ச்சல் விடும்போது வேர்க்கிறது. வேர்த்ததால் காய்ச்சல் விட்டது என்று நாங்கள் திருப்பிப் போட்டுக்கொண்டோம். காய்ச்சலுக்குச் சரியாக வந்தது விஷத்துக்கும் வரும் என்று நினைத்தோம். நான் மட்டுமா, ஊரே அப்படித்தான்.

நனைந்த சட்டையோடு படுத்தேன். அவள் போர்த்தினாள், கதவைச் சாத்தினாள், கஷாயம் வைத்தாள். என் முகத்தைத் துடைத்துத் துடைத்து, "நல்லா வேர்க்குதுங்க, நல்லா வேர்க்குது," என்று அவள் சந்தோஷமாகச் சொன்னது காதில் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி. நாக்கு அட்டை மாதிரி காய்ந்திருந்தது.

மறியல் செய்தவர்களில் ஒருவரான தங்கராசு அண்ணன்தான் ஆட்களோடு வந்து என்னைத் தூக்கிப் போனார் என்று பிறகு சொன்னார்கள். அவர் அடுத்த தெரு, அந்தப் பக்கத்து ஆள். அந்த வாரத்தில் அவர் நம் தெருவுக்குள் வந்ததே பெரிய விஷயம். அதனால் ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் அவருக்குப் பேரீச்சம்பழமும் டார்ச் லைட்டும் வாங்கி வருவேன். அவர் வீட்டில் இப்போது பதினோரு டார்ச் லைட் இருக்கும். ஆனால் அவருக்கு யார் போய்ச் சொன்னது என்று நான் கேட்டதே இல்லை. யாரோ சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

5

போன வாரம் உங்க அம்மா போன் சுவிட்ச் ஆஃப் என்று வந்ததும் மனசு நிலைகொள்ளவில்லை. தங்கராசு அண்ணனுக்குப் போட்டேன்.

"டேய் மஸ்கட்டு! இன்னாடா, இன்னொரு டார்ச் லைட்டா?"

"அண்ணே, அஞ்சலை வூட்ல இருக்கிறாளா?"

"சாயங்காலந்தான் பால் சொசைட்டிகிட்ட பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. மூஞ்சிதான் உர்ருனு இருக்குது. இன்னா பண்ணித் தொலைச்ச?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் கேட்டேன், "அண்ணே, அன்னிக்கி உனக்கு யாரு வந்து சொன்னது?"

"உன் பொண்டாட்டி சொல்லலையா?"

"இல்லண்ணே."

"இத்தினி வருஷமா? அட கேனப்பயலே, நீயும் கேக்கலையா?"

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"ரோட்ல மரத்தாண்ட நாங்க ஒரு இருவது பேரு குந்திக்கினு இருந்தோம். ஒங்க தெருவுலருந்து ஒரு பொண்ணு தனியா வருது. தலை அவுந்து கெடக்குது, கால்ல செருப்பு இல்ல. எங்காளுங்க எழுந்து நின்னுட்டானுங்க. ஒருத்தன், 'இன்னாமே, வேவு பாக்க அனுப்புனாங்களா'ன்னான். அது அவனத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா எங்கிட்ட வந்துச்சு."

"உங்கிட்ட எதுக்குண்ணே?"

"எங்கிட்ட இல்லடா. என் தோள்ல கெடந்த கம்பளிகிட்ட. 'அண்ணே, அந்தக் கம்பளிய ஒரு நாளைக்குக் குடுங்க'ன்னுது. எதுக்கும்மான்னேன். 'எங்க வூட்டுக்காரருக்கு மருந்து ஏறிடுச்சு. வூட்ல இருந்த ஒண்ணு தொப்பலா நனைஞ்சி போச்சு. நல்லா வேர்க்குது, இன்னும் கொஞ்சம் வேர்த்தா எல்லாம் எறங்கிடும்'னுது. சிரிச்சிக்கினே சொல்லுதுடா. எனக்கு எந்தம்பி ஞாபகந்தான் வந்துச்சு."

தங்கராசு அண்ணனின் தம்பி மருந்து அடித்துத்தான் செத்தான். எனக்கு அது தெரியும், எப்படிச் செத்தான் என்று தெரியாது.

"எந்தம்பியும் இப்படித்தான் வேர்த்தான். நாங்களும் நல்லா வேர்க்குதுன்னு பாத்துக்கினே இருந்தோம். வேர்த்துக்கினே போயிட்டான். வேர்வையப் பாத்ததுமே தூக்கிக்கினு வந்திருக்கணும்யான்னு டாக்டரு அப்புறமாத்தான் சொன்னாரு. அது என் காதுலயே இருந்துச்சு. அந்தப் பொண்ணு 'நல்லா வேர்க்குது'ன்ன ஒடனே எழுந்து ஓடினேன்."

வீட்டுக்குள் வந்ததும் கம்பளியை இழுத்து எறிந்து, என் சட்டை கைலியெல்லாம் உருவி, வாசலில் கிடத்தித் துணி சோப்புப் போட்டுத் தேய்த்தாராம். நம் வீட்டில் தண்ணீர் பத்தவில்லை. மறியல் ஆட்கள் குடிக்க வைத்திருந்த ரெண்டு குடத்தையும் உங்க அம்மா போய்க் கேட்டு வாங்கி வந்தாளாம்.

"அம்மணக்குண்டியா கெடந்தடா நீ, ஊருக்கே காட்சி. எங்காளுங்கள்ல ஒருத்தன், அவங்க தெரு ஆளுக்கு நாம எதுக்கு அலையணும்னான். கட்டிலுக்கு நாலு காலு இருக்குது, யாரு யாரு வரீங்கன்னு மட்டும் கேட்டேன். மூணு பேரு வந்தானுங்க. அப்படிச் சொன்னவனும் வந்தான்."

கயிற்றுக் கட்டிலில் என்னைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு நடந்தார்கள். ரோடு முழுக்க மரம்.

"ஒவ்வொரு மரத்தாண்டயும் எங்காளுங்கதான். இந்தப் பக்கம் தூக்கிக் குடுத்தா அந்தப் பக்கம் வாங்கிக்குவானுங்க. குடிச்சிட்டானாடா, குடிச்சிட்டானாடான்னு எல்லாரும் கேட்டானுங்க. இல்லடா, அடிக்கும்போது ஏறினதுன்னு கத்திக்கினே போனோம். நாங்க வெட்டின மரத்த நாங்களே திட்டிக்கினு தாண்டினோம். உன் பொண்டாட்டி எங்களுக்கு முன்னால ஓடி, வழி விடுங்கண்ணே, வழி விடுங்கண்ணேன்னு சொல்லிக்கினே போச்சு. அந்த வாரத்துல ஒங்க தெருப் பொம்பள ஒருத்தி அந்த ரோட்ல போறதாவது! ஒரு பய வாயத் தொறக்கல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணைத் திறந்து பார்த்ததும் கேட்டாராம், "எத்தனை நேரமாச்சு? இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?" கம்பளி போர்த்தியிருந்ததைத் தங்கராசு அண்ணன் சொல்லியிருக்கிறார். "யாரு போர்த்தச் சொன்னது? அறிவிருக்கா?" என்று டாக்டர் கத்தியிருக்கிறார்.

"உன் பொண்டாட்டி, 'நாந்தான் சார்'னுச்சு. வேற யாரும் சொன்னாங்களான்னாரு. 'இல்ல சார், நானாத்தான்'னுச்சு. அத்தினி பேரு முன்னாடி திட்டு வாங்கிக்கினு நின்னுச்சு."

அதற்கப்புறம் ஊசி. ஒரு ஊசி போடுவாராம், கொஞ்ச நேரம் கழித்து வந்து என் கக்கத்தில் கையை வைத்துப் பார்ப்பாராம். "இன்னும் ஈரம்," என்பாராம். இன்னொரு ஊசி. மறுபடியும் கக்கம். அந்த மருந்து வேர்வையை நிறுத்துகிற மருந்து. வேர்வை நின்றால்தான் விஷம் அடங்குகிறது என்று கணக்கு.

"நீ கையக் கால உதறிக்கினு, செவுத்துல இல்லாத ஸ்பிரேயர எடுக்கப் போற. அந்தப் பொண்ணு உன் கக்கத்தையே பாத்துக்கினு நின்னுச்சு. கடைசியா ஒரு தபா டாக்டரு கைய எடுத்துட்டு, 'காஞ்சிடுச்சு'ன்னாரு. அப்பத்தான் அது தரையில குந்துச்சு."

மத்தியானம் வேர்க்கணும் வேர்க்கணும் என்று வேண்டிக்கொண்டவள், சாயங்காலம் காயணும் காயணும் என்று வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். தன் கையால் செய்தது தப்பு என்று அந்த இடத்திலேயே தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், விமானத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறாள், உங்கள் ரெண்டு பேரையும் பெற்றிருக்கிறாள். போர்த்தச் சொன்னது நீதானே என்று ஒரு சண்டையில் கூடச் சொன்னதில்லை.

போனை வைப்பதற்கு முன்னால் தங்கராசு அண்ணன் சொன்னார். "ஏழுமலை, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அது பயந்துக்கினு வூட்டுக்குள்ளயே குந்தியிருந்தா நீ இன்னிக்கி இல்ல. நான் ஒண்ணும் ஒங்க தெருவுக்குத் தானா வந்திருக்க மாட்டேன். அந்த வாரத்துல யாரு வருவா? எனக்குப் பழமும் லைட்டும் குடுக்கிறியே, அந்தப் பொண்ணுக்கு இன்னா குடுத்த?"

6

கவிதா, ஸ்டீம் பாத் போவதை நான் தடுக்கவில்லை. உடம்புக்கு இதமாக இருந்தால் போய் உட்காரு. வெளியே வந்ததும் நிறைய தண்ணீர் குடி. அதனால் ரத்தம் சுத்தமாகிறது, விஷம் போகிறது என்று மட்டும் நம்பாதே. நான் இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "வேர்த்துக்கினே நிக்காத, ஓரமா வந்து தண்ணி குடி," என்கிறேன். அவர்களுக்கு இந்த வைத்தியம்தான் பிடித்திருக்கிறது.

யாருக்கெல்லாம் நான் கடன்பட்டவன் என்று யோசித்தால் நீளமாகப் போகிறது. பெயர் தெரியாத அந்த டாக்டர். குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தவர்கள். முனகிக்கொண்டே கட்டிலைத் தூக்கியவன். தங்கராசு அண்ணன். அவர் கேட்டுப் போராடியது அவர்களுக்குக் கிடைத்தது, அவர் மகள் இன்றைக்கு டீச்சர். கவிதாவுக்குக் காலேஜ் சீட் கிடைத்ததும் அதே மாதிரி ஒரு பட்டியலில் நம் பெயரும் இருந்ததால்தான். அந்த வாரம் முறைத்துக்கொண்டு நின்ற ரெண்டு தெருப் பிள்ளைகளும் படித்துவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால் வரவேண்டியவள் உங்க அம்மா. அவள் நம்பியது தப்புத்தான். ஆனால் அந்தத் தப்பான நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, ஊரே நடுங்கின ரோட்டில், இருபது ஆண்கள் நடுவே போய்க் கம்பளி கேட்டாள் பாருங்கள், அந்தக் கால்தான் என்னைக் காப்பாற்றியது. எனக்கு இப்போது எல்லாம் தெரிந்த மாதிரி அவளைக் கேலி செய்தேன். எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று போன வாரம்தான் தெரிந்தது.

நீங்கள் அவளுக்குப் போன் போட்டு ஸாரி சொல்ல வேண்டாம். மாடு எப்படி இருக்கிறது, என்ன சமைத்தாய் என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் நாலு பேரும் ஒரு கண்ணாடியில் தெரிவதுதான் குடும்பம் என்று நாம் பழகிவிட்டோம். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் பஸ் ஏறிப் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அதைப் போனில் கேட்க முடியாது. கேட்டால் அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்பாள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு வெளியே போனேன். இந்தக் கடைசி வரிகளைத் திரும்பி வந்து எழுதுகிறேன். இன்றைக்கு லாண்டரி லீவு, ஆள் இல்லை. சூப்பர்வைசர் ரூமுக்கு வெளியே இருக்கிற தட்டிலிருந்து ஒரு லீவு ஃபாரம் எடுத்தேன். தேதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். எப்போதும் அதில் வீட்டு வேலை என்றோ, சொந்தத்தில் கல்யாணம் என்றோ யாரிடமாவது கேட்டு இங்கிலீஷில் எழுதுவேன். இன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, அந்தக் கட்டத்தில் அஞ்சலை என்று எழுதி, கதவுக்கு அடியில் தள்ளினேன்.